மூன்றாம் கவுண்டர்

கத்திரி வெயிலின் ஒன்பதாம் நாள்
காட்பாடியில் இறங்கி, பாலத்து நெரிசலில் நின்று,
முக்கால் மணி தாமதமாக வந்தார் பயிற்சியாளர்.
'மாணவர் நலப் பணியாளர் திறன் மேம்பாடு' என்ற பேனரில்
ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து
மின்விசிறிக் காற்றில் சுவரை
அடித்துக்கொண்டே இருந்தது.

நாங்கள் நாற்பத்தோரு பேர்.
விடுதி, உதவித்தொகை, அடையாள அட்டை, பஸ் பாஸ்,
ராகிங் தடுப்பு (அதற்கு ஒருவர்; அவரும் விடுப்பில்).
காலையில் இந்த ஆண்டின் மாற்றங்கள்:
'புகார்' இனி 'கோரிக்கை'.
'விசாரணை' இனி 'கலந்துரையாடல்'.
புதிய செயலியின் கடவுச்சொல்லுக்கு எட்டு எழுத்து,
அதில் ஒன்றாவது எண்.
குறித்துக்கொண்டேன்.
பத்தொன்பது வருடமாக நான் குறித்துக்கொள்கிறவன்.

மதியம் முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு,
ஆற்காட்டு மக்கன் பேடா ஆளுக்கு ஒன்று.
"இன்னொன்னு கீதா?" என்று கேட்ட விடுதிக் கணக்கரை
"இது புகாரா சார், கோரிக்கையா?" என்றார் நூருன்னிசா.
சிரித்தோம்.
அந்தச் சிரிப்போடு தூங்கியிருக்கலாம்.

நாற்காலிகளை எதிரெதிரே போடச் சொன்னார்.
நடித்துக் காட்ட வேண்டுமாம்.
நூருன்னிசா அலுவலர். நான் மாணவன்.
"உங்கள் நினைவில் இருக்கும் யாராவது ஒருவராக இருங்கள்."

யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"மேடம், போனஃபைட் வேணும்.
பீஞ்சமந்தைக்குப் போவணும், கடைசி வண்டி போய்டும்.
நாளைக்கு வான்னா
நாளைக்கு வர்றதுக்குக் காசில்ல மேடம்."

அரங்கில் பேனர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"உன் பேர் இன்னாப்பா?" என்றார் நூருன்னிசா,
நடிப்பை மறந்து,
பேர்ணாம்பட்டில் தன் வீட்டு வாசலில் கேட்பதுபோல்.

எனக்குத் தெரியவில்லை.
பதிவெண் தெரியும். அதன் கடைசி மூன்று இலக்கம்
இப்போதும் தெரியும்: பூஜ்யம் ஏழு நாலு.
மணி நாலு பத்து. முத்திரை பீரோவுக்குள் போயாகிவிட்டது.
"நாளைக்கு வா" என்றேன்.
இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டில் அந்த எண்ணின்மேல்
சிவப்புக் கோடு போட்டதும்
என் ஸ்கேல்தான்.

"மிக இயல்பு" என்று
எல்லோரையும் கைதட்டச் சொன்னார் பயிற்சியாளர்.

மறுநாள் காலை, பெருக்க வந்த கன்னியம்மா
வழக்கம்போல் ஈரத்துணியோடு கண்ணாடிக்குப் போனார்.
"கொஞ்சம் இருங்க."
பேசுவதற்கு வெட்டிய வட்ட ஓட்டை
உட்கார்ந்திருக்கும் என் வாய்க்கு நேராக இருக்கிறது.
அதற்குச் சற்று மேலே, வெளிப்பக்கம்,
நெற்றிகள்.
எண்ணெய், வியர்வை, கொஞ்சம் திருநீறு,
ஒன்றின்மேல் ஒன்றாய்
நேற்று குனிந்த எல்லா நெற்றிகளும்.
தினமும் இதைத்தான் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே போய் நானும் குனிந்து பார்த்தேன்.
இடுப்பு பிடித்துக்கொண்டது.
ஓட்டை வழியே தெரிந்தது
என் காலி நாற்காலி, முதுகில் பூப்போட்ட துண்டு.

ஓட்டையை ஒன்றரை அடி உயர்த்தவும்
அல்லது கண்ணாடியையே எடுத்துவிடவும் கேட்டுக்
கட்டடப் பிரிவுக்கு எழுதினேன்.
'ஆதாரம் இணைக்கவும்' என்று திரும்பியது.
பயிற்சிச் சான்றிதழை நகலெடுத்து இணைத்தேன்.
என்னிடமுள்ள ஏழு சான்றிதழில்
பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே போனது
இது ஒன்றுதான்.

பதில் வரும்வரை
வெளியே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.
உட்கார்ந்தால் ஓட்டை சரியாக வருகிறது.
உட்காரச் சொன்னால்தான் பயப்படுகிறார்கள்,
ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல்.

இன்று ஒருத்தி, சோளிங்கர் பக்கம் போலிருக்கிறது,
நுனியில் உட்கார்ந்து
பையை மடியில் இறுக்கிக்கொண்டு
பதிவெண்ணை ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"அது இருக்கட்டும்மா" என்றேன்.

மணி நாலு இருபது.
முத்திரை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.